தெப்பமும் கப்பலும்

எங்க ஊர் திருவண்ணாமலை. மலை இருக்கு, கோயில் இருக்கு, கடல் மட்டும் கிடையாது. அதனால நாங்க வேடிக்கை பார்த்த ஒரே 'கப்பல்' ஐயங்குளத்துத் தெப்பம்தான். தீபம் முடிஞ்ச மறுநாள்ல இருந்து மூணு ராத்திரி நடக்கும். முதல் நாள் சந்திரசேகரர், அடுத்த நாள் பராசக்தி அம்மன், மூணாவது நாள் முருகர். குளத்தைச் சுத்திட்டு, கிளம்பின படிக்கே திரும்பி வந்துடும். சின்ன வயசுல வாயைப் பிளந்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஆசை விடாமத்தான் ஒரு தடவை பழவேற்காடு போனேன். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர், பொன்னேரி வழியா போகணும். சிலிகாவுக்கு அடுத்தபடியா இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி. கடலுக்கும் ஏரிக்கும் நடுவுல ஸ்ரீஹரிகோட்டா தீவு. பாய்மரம் பார்க்கலாம்னு ஆசையா போனா, கண்ணுல பட்டதெல்லாம் மோட்டார் வச்ச ஃபைபர் படகு! இருந்தாலும் படகு போறதையும் வர்றதையும் பார்த்துக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் கரையிலேயே இருந்தேன். ஊருக்கு வந்தப்புறம் அந்தத் துறைமுகத்தோட கதையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

கதை நம்ம பக்கத்துல இருந்தே ஆரம்பிக்குது. 1608-ல் செஞ்சி நாயக்கர் அனுமதியோட டச்சுக்காரர்கள் கடலூர் பக்கம் தேவனாம்பட்டினத்தில் பண்டகசாலை போட்டார்கள். 1610-ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு பழவேற்காட்டுக்கும் வந்தார்கள். சாந்தோம் போர்த்துகீசியர்களுக்கு இது பொறுக்குமா? 1612-ல் வந்து அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷமே, 1613-ல், கெல்ட்ரியா கோட்டை எழும்பிடுச்சு. 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரைக்கும் சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனிக்கு இதுதான் தலைமையிடம்.

முகத்துவாரம் ஆழம் கம்மி. பெரிய கப்பல் ஏரிக்குள்ளே வர முடியாது. கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் ஆளையும் சின்னப் படகுகள்தான் ஏற்றி இறக்கும். முக்கியமான சரக்கு துணி. நம்ம ஊர்த் துணியைக் கொண்டுபோய்க் கொடுத்து, இந்தோனேசியத் தீவுகளில் கிராம்பு, ஜாதிக்காய் வாங்குவார்கள். மலேசியாவில் இருக்கும் நண்பர்களுக்கு 'காயின் பெலிகாட்' கைலி தெரிந்திருக்கும். அந்தப் பெலிகாட் வேற எதுவும் இல்லை, நம்ம புலிகாட், அதாவது பழவேற்காடுதான். இதைப் படிச்சப்போ எனக்கு ஒரே பெருமை.

அடுத்து படிச்சதுல அந்தப் பெருமை இறங்கிப்போச்சு.

1619-ல் டச்சுக்காரர்கள் படேவியாவை (இன்றைய ஜகார்த்தா) பிடித்தார்கள். 1621-ல் ஜாதிக்காய்க்காகப் பாண்டா தீவு மக்களைக் கொன்று, மிஞ்சியவர்களை நாடு கடத்தினார்கள். வேலைக்கு ஆள் வேணுமே? இங்கே பஞ்சமும் சண்டையும் மாறி மாறி வந்த காலம். சோத்துக்கு வழியில்லாதவர்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். கம்பெனி வாங்கியது. 1622-23-ல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் மாதிரித் துறைமுகங்களிலிருந்து சுமார் 1,900 பேர் அடிமைகளாகக் கப்பலேறினார்கள். 1659-61-ல் தஞ்சாவூர்ச் சீமை படையெடுப்பில் சீரழிந்தபோது 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கப்பட்டார்கள். அதில் பெரும்பாலானோர் இலங்கைக்குப் போனார்கள்.

தேவனாம்பட்டினம் அப்போ செஞ்சிச் சீமை. எங்க ஊர்ல இருந்து செஞ்சி வெறும் 40 கிலோமீட்டர். மழை பொய்த்தால் என்ன ஆகும்னு தெரிஞ்ச பூமி எங்களுது. அந்த 1,900 பேரில் எங்க பக்கத்து ஆள் யாரும் இருந்திருக்க மாட்டாங்கன்னு என்னால நினைக்க முடியலை. தெப்பத்தைத் தவிர வேற எதுவும் பார்த்திராத ஒரு பிள்ளை, சின்னப் படகுல ஏறி, தூரத்தில் நிக்கிற அந்தப் பெரிய கப்பலைப் பார்த்து முதல்ல சந்தோஷம்கூடப் பட்டிருக்கலாம். அதை யோசிச்சப்போதான் ரொம்பக் கஷ்டமா போச்சு.

1825-ல் பழவேற்காடு வெள்ளைக்காரன் கைக்கு வந்தது. கோட்டை இருந்த இடம் இப்போ புதர் மண்டிக் கிடக்கு. பக்கத்துலயே டச்சுக் கல்லறைத் தோட்டம், தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கு. வாசலில் ரெண்டு எலும்புக்கூடு செதுக்கியிருக்காங்க. உள்ளே கல்லில் டச்சுக்காரன் பேர், தேதி எல்லாம் இன்னும் வாசிக்கற மாதிரி இருக்கு. ஆனா அந்தக் கரையில் இருந்து கப்பலேறிப் போனவங்க பேர் ஒண்ணைக்கூட நான் அங்கே பார்க்கலை.

அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா, படகு பாருங்க, இறால் சாப்பிடுங்க. அப்புறம் முகத்துவாரம் இருக்கிற திசையைப் பார்த்து ரெண்டு நிமிஷம் நில்லுங்க. எங்க தெப்பம் சுத்திட்டுப் படிக்கே வந்துடும். அவங்க திரும்பி வரலை.