பேர் மறந்தால் சாமி

நைனாவைப் புதைத்த இடம் எங்களுக்கு இப்போது உத்தேசமாகத்தான் தெரியும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு வந்தபோது மேடு கரைந்துபோனது. அதையொட்டி இருந்த அம்மாவின் மேடும் போனது. அடுத்து வந்த மாசி அமாவாசைக்கு இலையும் சோறுமாகப் போய் நின்றோம். தம்பி ஒரு வேப்பமரத்தைக் காட்டி, "இங்கேருந்து பத்தடிண்ணே" என்றான். நான் வேறொரு மரத்தைக் காட்டினேன். கடைசியில் இரண்டுக்கும் நடுவில் இலையைப் போட்டோம்.

வேலூரில் அன்றைக்கு மயானக் கொள்ளை. மகா சிவராத்திரி முடிந்த கையோடு வரும் அமாவாசை. விருதம்பட்டு, கழிஞ்சூர், மோட்டூர் என்று பல இடங்களிலிருந்து அங்காளம்மன் பாலாற்றுச் சுடுகாட்டுக்கு வருவாள். பம்பை முழங்கும். காளி வேஷம் போட்டவர்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு ஆடுவார்கள். சாம்பலும் மண்ணும் குழைத்துப் படுத்த வாக்கில் அம்மன் உருவம் செய்து, அதன்மேல் சோறு, சுண்டல், கொழுக்கட்டை, காய்கறி, சில்லறைக் காசு எல்லாம் குவித்துச் சூறை விடுவார்கள். பிரம்மாவின் தலையைக் கிள்ளிய சிவன் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டு, அவருக்குக் கிடைத்த பிச்சையையெல்லாம் தின்றது. அங்காளம்மன் சோற்றைச் சுடுகாட்டுத் தரையில் இறைக்க, கபாலம் ஆசைப்பட்டுக் கீழே இறங்க, அவள் காலால் மிதித்தாள் என்பது மேல்மலையனூர்க் கதை. தலைக்கும் பசி என்பதுதான் அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

பேப்பரில் வருவது இந்த ஆட்டமும் தேரும். அதே நாள் காலையிலேயே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மண்வெட்டியோடு வந்து, மேட்டில் புல் செதுக்கி, மண் அணைத்து, மஞ்சள் தெளித்து, பூப் போட்டு, செத்தவர்களுக்குப் பிடித்ததைப் படைக்கிறார்கள். படம் எடுக்கிறவர்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை.

நைனாவின் இலையில் கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, வெற்றிலை பாக்கு, ஒரு கட்டு பீடி. பக்கத்தில் குவார்ட்டர். அவர் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். கை எப்போதும் வெந்தே இருக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் வாசனை சட்டையை விட்டுப் போகாது. அந்தக் கடுக்காயில் ஒரு பங்கு எங்கள் பூர்வீக ஊருக்கு மேலே இருக்கும் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கியது. எங்கள் ஊர் அமிர்திக்குக் கீழே, மலையடிவாரத்தில். வேலூரிலிருந்து பஸ் பிடித்தால் 25 கிலோமீட்டர்.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறேன். எங்கள் டிசைன் பிரிவுத் தம்பி ஒருவன் மெக்சிகோவில் லியோன் என்ற ஊருக்குப் போய்வந்தான். அதுதான் அவர்களுடைய ஆம்பூர், செருப்புக்கும் தோலுக்கும் பேர்போனது. அவன் செல்லில் காட்டிய படங்களில் செருப்பைவிடச் சுடுகாடுதான் அதிகம். நவம்பர் 1, 2 தேதிகள். முதல் நாள் செத்துப்போன பிள்ளைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. ஆம்பூர், வேலூர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைத் திருநாள் கும்பிடும் அதே 2ஆம் தேதி. வீட்டில் மேடை கட்டி, போட்டோ வைத்து, ரொட்டி, தண்ணீர், உப்பு, செத்தவர் குடித்த சரக்கு, சிகரெட் எல்லாம் வைக்கிறார்கள். "நம்ம படையல்தாண்ணே" என்றான். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வழக்கம் அது. மெக்சிகோ சிட்டியில் இப்போது நடக்கும் பெரிய ஊர்வலம் மட்டும் பழசு இல்லை. 2015இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் சும்மா காட்டியதைப் பார்த்து மறுவருஷம் நிஜமாகவே தொடங்கினார்கள்.

படத்தில் எங்கே பார்த்தாலும் நம்ம கேந்திப்பூ. துலுக்கச் சாமந்தி என்று நம்மவர்கள் பேர் வைத்ததற்கு என்ன காரணமோ, பூவின் சொந்த ஊர் மெக்சிகோ. அங்கே அதற்கு செம்பசூச்சில் என்று பேர். இருபது பூ என்று அர்த்தமாம். மிளகாயும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். பிராமணர் வீட்டுத் திவசத்தில் இன்றைக்கும் மிளகாய்க்கு இடமில்லை, மிளகுதான். எங்கள் நைனாவுக்கு மிளகாய் இல்லாமல் படைத்தால் எழுந்து வந்து கேட்பார்.

கேந்திப்பூவில் ஒரு விஷயம் கவனித்தேன். அவர்கள் சுடுகாட்டிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் பூவை உதிர்த்துப் பாதை போடுகிறார்கள், செத்தவர் வழி தெரிந்து வருவதற்கு. நாம் வீட்டிலிருந்து சுடுகாடு வரைக்கும் இறைக்கிறோம். போதாததற்குப் பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்குகிறோம், திரும்பி வர வழி தெரியக் கூடாதென்று. வரவிடாமல் செய்துவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை நாமே சோறு எடுத்துக்கொண்டு போகிறோம்.

வீட்டுக்குள் அழைக்கப்படுவது ஒருத்தி மட்டும். சுமங்கலியாகச் செத்த பெண், பூவாடைக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் பம்பைக்காரரைக் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்கோ குளத்துக்கோ போய், சொம்பில் தண்ணீர் மொண்டு, பூச் சுற்றி, பாட்டுப் பாடி, அருள் வந்தவர் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். புதுப்புடவை வைத்துப் படைத்த பிறகுதான் மற்ற வேலை.

கல் வைப்பது இதைவிடப் பழைய பழக்கம். தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலை சொல்கிறது: கல்லைத் தேடிப் பார்ப்பது, கொண்டுவருவது, நீரில் இடுவது, நடுவது, பெரும்படை, வாழ்த்து. ஐந்தாவதாக வரும் பெரும்படைதான் எங்கள் படையல். எங்கள் மலைக்கு அந்தப்பக்கம் தகடூரில் இருந்த அதியமான் செத்தபின், அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சின்னக் கலத்தில் கள் ஊற்றுவதைப் பார்த்து ஔவை பாடியது புறநானூற்றில் 232ஆவது பாட்டு. நைனாவின் குவார்ட்டரைப் பார்த்து முகம் சுளிக்கும் என் மச்சானுக்கு இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஆம்பூரிலேயே இரண்டு கல் உண்டு. பல்லவன் நிருபதுங்கனின் 26ஆம் ஆட்சியாண்டு. அன்றைக்கு ஊரின் பேர் ஆமையூர். நுளம்பன் படை மாடு பிடிக்க வந்தபோது எதிர்த்து விழுந்தவர்களுக்கு நட்டது. ஹுல்ச் என்ற ஜெர்மானியர் படித்து எபிகிராபியா இண்டிகா நான்காம் தொகுதியில் போட்டார். மாட்டைக் காக்கச் செத்தவனுக்குக் கல் வைத்த ஊரில், ஆயிரம் வருஷம் கழித்து நாங்கள் தோல் வெட்டிக்கொண்டிருக்கிறோம். செங்கம் பக்கம் எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில், கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாய்க்கும் இடம் கிடைத்திருக்கிறது. கோவிவன் என்று நாயின் பேரையும் வெட்டியிருக்கிறார்கள்.

அமிர்திக்குக் கீழே எங்கள் ஊர்க் கல்லில் எழுத்து இல்லை. வில் பிடித்த ஆள் ஒருவன், அவ்வளவுதான். அவன் யார், எந்தச் சண்டை, ஒருவருக்கும் தெரியாது. வேடியப்பன் என்கிறோம். இந்தப் பக்கம் திருவண்ணாமலை, தர்மபுரி வரைக்கும் இப்படிப் பல வேடியப்பன்கள். ஆடியில் கோழி அறுக்கிறோம், மாடு கன்று போட்டால் முதல் பால் அவனுக்கு.

மெக்சிகோவை வைத்து 2017இல் வந்த கோகோ என்ற கார்ட்டூன் படத்தைப் பேத்தியோடு பார்த்தேன். உயிரோடு இருப்பவர்கள் மறந்துவிட்டால், செத்தவர் அந்த உலகத்திலும் கரைந்து காணாமல் போவார் என்று அதில் வருகிறது. பேத்தி அழுதாள். எனக்கு வேடியப்பன் ஞாபகம் வந்தது. இங்கே மறக்கப்பட்டவன் கரையவில்லை. பேரும் முகமும் போனபிறகுதான் அவன் ஊருக்கே சாமியானான். சொந்தக்காரன் என்று தெரிந்தவரை ஒரு வீட்டுச் சோறு. தெரியாமல் போனதும் ஊர்ச் சோறு. இது நல்ல ஏற்பாடு என்றே பல காலம் நினைத்திருந்தேன்.

மகள் கல்யாணத்தில் அந்த நினைப்பு உடைந்தது. பூவாடைக்காரியை அழைக்கக் கிணற்றடியில் நிற்கிறோம். பம்பைக்காரர் கேட்டார், "யார் யாரைக் கூப்பிடணும், பேரைச் சொல்லுங்க."

அம்மா பேரைச் சொன்னோம். நைனாவைப் பெற்ற ஆயாவும் சுமங்கலியாகப் போனவள். அவள் பேர்? நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை, "கீழ்வீட்டு ஆயான்னுதான்டா எல்லாரும் கூப்புடுவாங்க" என்றாள். பெற்ற மகளுக்கே அவ்வளவுதான் தெரியும். பம்பைக்காரர் பெரிய மனிதர், "கீழ்வீட்டு அம்மா" என்றே பாட்டில் வைத்துச் சமாளித்தார். புடவை வைத்தோம். அவள் வந்தாளா, வேறு யாராவது வந்து உடுத்திப் போனாளா என்று எனக்கு இன்னும் சந்தேகம். ஆண் செத்தால் கல், நாய்க்குக்கூடப் பேர். ஆயாவின் பேர் மட்டும் அவள் மகளுக்கும் மிஞ்சவில்லை.

வாணியம்பாடியில் 1903 நவம்பர் 12ஆம் தேதி வெள்ளத்தில் போனவர்களுக்கு ஒரு தூண் இருக்கிறது. தனித்தனிக் கல் வைக்க முடியாத சாவுகளுக்கு அது போதும். எங்களுக்கு இரண்டு பேர்தான்.

போன மாதம் தம்பியும் நானும் கல் பட்டறைக்குப் போனோம். ஆற்றுமணலில் ஆழமாகக் குழி எடுத்து, இரண்டு வேப்பமரத்துக்கும் நடுவில் நடுவதாக முடிவு. எத்தனை எழுத்து என்று பார்த்துத்தான் கூலி சொன்னார்கள். முன்பணம் கொடுத்தாயிற்று. அம்மா பேரை மேலே பெரிதாக வெட்டச் சொல்லியிருக்கிறேன். நைனா பேர் கீழே வரும், கல்லில் இடம் இருந்தால்.