அலையாத்திக் காட்டின் பழைய கணக்கு

முத்துப்பேட்டையை அடுத்த ஜாம்பவானோடைக்கு ஜியாரத்துக்காகச் செல்லும் குடும்பங்கள் பல, ஷெய்கு தாவூது வலியுல்லாஹ் அவர்களின் தர்காவில் பாத்திஹா ஓதியபின், படகேறி அலையாத்திக் காட்டையும் பார்த்துவிட்டே ஊர் திரும்புகின்றன. நாமும் அவ்வாறு சென்றவர்களே. கோரையாற்றின் இரு மருங்கிலும் பசுஞ்சுவர்போல் நிற்கும் அம்மரங்களைக் காண்போர், மனிதன் காலடி படாத காடு என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று.

காவிரியின் கடைமடைக் கிளைகளான பாமணியாறும் கோரையாறும் கிளைதாங்கியாறும் கடலோடு கலக்குமுன் இக்காயலில் வந்து விழுகின்றன. 1853 முதல் 1912 வரை இக்காடு சத்திர நிர்வாகத்தின் கையில் இருந்தது. காட்டுப்பொருளை விற்ற பணம், தஞ்சை மராட்டிய மன்னர் வழிவந்த சத்திரங்களுக்குச் செலவாயிற்று. நெற்களஞ்சியமாம் தஞ்சையின் அன்னதானத்துக்கு உப்புநீர்க் காடும் கைகொடுத்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1937-இல் காடு வனத்துறையின் ஆளுகைக்குள் வந்தது. மரங்களைப் பகுதி பகுதியாக அடியோடு வெட்டும் கூப்பு முறை 1970 வரை நடந்தது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் தாழ்ந்தது. ஓதநீர் வடிய வழியின்றித் தேங்கி உப்பேறியது. அதில் கன்று முளைக்கவில்லை. காட்டை அழித்தவர் விறகு பொறுக்கிய ஏழைகளே என்று பேசுவோர், இந்த அறுபதாண்டுக் கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்!

இக்கரை மீனவர்கள் காயலிலிருந்து காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன் பிடிப்பது நெடுநாள் வழக்கம். ஓதம் ஏறும்போது நீரோடு மீனும் உள்ளே வரும். வடியும்போது தடுத்துப் பிடிப்பர். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் கூடிக் காட்டை மீட்க முனைந்தபோது கையாண்ட வழியும் வாய்க்கால்தான். மீன்முள் வடிவில் வெட்டி, ஓதநீர் வந்து போக வழிசெய்தனர். மரம் மீண்டும் தழைத்தது. பிறகு 2018 நவம்பரில் கஜா புயல் அதிலும் பெரும்பகுதியை முறித்துப்போட்டது.

சாலிம் அலி ஆராய்ந்த கோடியக்கரை 1967-இல் சரணாலயமாயிற்று. 2002-இல் அதனோடு முத்துப்பேட்டையும் சேர்ந்து ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. புகழ் வந்தது, பார்வையாளர் வந்தனர். அவர்களுக்குக் காடு ஒரு நாள் காட்சி. மீனவர்க்கோ அது அன்றாட உலை. அமெரிக்காவில் 1872-இல் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அமைந்தபின், அங்கு வாழ்ந்த பூர்வகுடிகள் வெளியேற்றப்பட்டனர். இங்கே எவரையும் அவ்வாறு துரத்தவில்லை. ஆயினும் வழிவழியாகச் சென்ற காட்டுக்குள் அனுமதி கேட்டுச் செல்லும் நிலை வந்துவிட்டது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டை நம்பி வாழ்வோர்க்கு நீர்நிலை மீன்களின்மீதும் சமூக உரிமை உண்டு என்கிறது. ஆனால் பழங்குடியல்லாதார், 2005-க்கு முன் எழுபத்தைந்தாண்டுகள் காட்டில் வாழ்ந்து அதனை நம்பியிருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். அதாவது 1930-க்குச் செல்லவேண்டும். ஊர் வெளியே, தொழில் உள்ளே என்றிருப்போர்க்கு இதுவே பெருந்தடை. போதாக்குறைக்கு, விற்ற விறகுக்குக் கணக்கெழுதலாம்; ஏறி வடிந்த ஓதத்துக்கு எவர் ரசீது தருவார்?

ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுதிவைத்தால் அதுவும் சான்றாகும் என்று அச்சட்டத்தின் விதிகள் ஒப்புகின்றன. 1930-ஐக் கண்டவர்களிடம் நேரில் கேட்டவர்களே இன்று முதுமை எய்திவிட்டனர்.