ரேடியோ நெல்லும் என் மல்லிச் செடியும்

ரொம்ப நாளாச்சு பதிவு எழுதி. ஆபீஸ்ல ஆணி அதிகம். பொட்டி தட்டுறவன் வரலாறு எழுதலாமான்னு கேக்காதீங்க, எஞ்சினியரிங் படிச்ச பாவத்துக்கு இப்படியாவது பரிகாரம் தேடிக்கிறேன் :-)

ரெண்டு கோடைக்கு முன்னாடி ஊருக்குப் போயிட்டுத் திரும்பும்போது தஞ்சாவூருக்கு வெளியில ஒரு நர்சரியில வண்டியை நிறுத்தினோம். சென்னை ஃப்ளாட் பால்கனிக்கு நாலு செடி வாங்கலாம்னு எண்ணம். ரெண்டு மல்லி, ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை. கத்திரி வெயில் நேரம். கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். காசை வாங்கிப் போட்டுட்டு, நான் கேக்காமலே பாடம் எடுக்க ஆரம்பிச்சார்.

"தம்பி, போன உடனே தொட்டி மாத்தாதீங்க. ஒரு வாரம் நிழல்ல அப்படியே கிடக்கட்டும். தண்ணிய காலைல எட்டு மணிக்குள்ள ஊத்திடணும், உச்சி வெயில்ல ஊத்தாதீங்க. மண்ணு மேல காஞ்ச சருகோ தேங்காநாரோ போட்டு மூடுங்க. வெயில் தணியிற வரைக்கும் உரம் கிரம் எதுவும் வேணாம். தொட்டிக்கு அடியில தட்டு வைங்க, தண்ணி நின்னு ஈரம் காக்கும்."

வண்டியில ஏறப் போற நேரத்துல இன்னொண்ணும் சொன்னார். "ஐப்பசி பொறந்ததும் அந்தத் தட்டை எடுத்துடுங்க தம்பி. கோடைக்கு வைக்கிறப்பவே மழைக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கணும்."

சரிண்ணே சரிண்ணேன்னு தலையாட்டிட்டு வந்தேன். முதல் அஞ்சையும் ஒழுங்கா செஞ்சேன். மல்லி அந்தக் கோடையில பூத்த பூவை எதிர் வீட்டு அக்காவுக்குக் கூடக் கொடுத்தோம். ஆறாவதை மறந்துட்டேன். ஐப்பசி மழையில பால்கனி நனைஞ்சு, தட்டுல தண்ணி நின்னு, வேர் அழுகி, ரெண்டு மல்லியும் போச்சு. தட்டை எடுக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

இதை ஊர்ல பாட்டிகிட்ட போன்ல புலம்பினப்போ பாட்டி சிரிச்சுட்டு, "ரேடியோ நெல்லு கதையால்ல இருக்கு"ன்னு சொல்லுச்சு. பாட்டிக்கு எண்பது தாண்டியாச்சு. கும்பகோணம் பக்கம்தான் வாக்கப்பட்டது. ரேடியோ நெல்லுன்னா என்னன்னு கேட்டேன். அதுலேர்ந்து கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சு, நானும் அங்கங்க தேடிப் படிச்சு, இந்தப் பதிவுல வந்து நிக்குது.

முதல்ல ஒரு சின்ன விஷயம். நர்சரிங்கிறது டெல்டாவுக்குப் புதுசே இல்ல. நம்ம நாற்றங்கால்தான் அது. ஒரு ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் போதும்பாங்க. எத்தனை மாச நெல்லோ அத்தனை வாரம் நாத்துங்கிறது பழைய கணக்கு. மூணரை மாசக் குறுவைக்கு மூணு, மூணரை வாரத்துல நாத்துப் பறிச்சு நட்டுடணும். கோடை முடியிற நேரத்துல டெல்டாவுல எந்தப் பெரியவர் வாயைத் திறந்தாலும் வர்ற பேச்சு இதுதான்: உழுது போட்டாச்சா, விதை வாங்கியாச்சா, தண்ணி எப்ப வரும்?

தண்ணி எப்ப வரும்ங்கிற கேள்விக்கு ஒரு தேதி கிடைச்சது மேட்டூர் அணையாலதான். 1925-ல் ஆரம்பிச்சு 1934-ல் முடிஞ்ச அணை. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதுக்கு முன்னாடி தென்மேற்குப் பருவமழை மனசு வச்சாத்தான் ஆத்துல புதுத்தண்ணி. அணை வந்த பிறகு ஜூன் 12 திறப்புங்கிறது வழக்கமாச்சு. எங்க ஊர்ப் பக்கம் பிறந்தநாளை மறந்தாலும் ஜூன் 12-ஐ மறக்க மாட்டாங்க.

இப்ப 1960-க்கு வாங்க. நாட்டுல உணவுப் பஞ்சம் பெரிய கவலையா இருந்த காலம். ஃபோர்டு அறக்கட்டளை உதவியோட மத்திய அரசு, தண்ணி வசதி உள்ள மாவட்டங்கள்ல தீவிர வேளாண்மைத் திட்டம்னு ஒண்ணை ஆரம்பிச்சது. முதல்ல எடுத்த ஏழு மாவட்டங்கள்ல தஞ்சாவூரும் ஒண்ணு. விதை, உரம், பூச்சி மருந்து, கடன், ஆலோசனை எல்லாத்தையும் ஒரே கட்டாக் கொடுக்கிறதால 'பேக்கேஜ் திட்டம்'னும் சொன்னாங்க.

அந்தக் கட்டுக்குள்ள வைக்க ஒரு நல்ல குறுவை விதை வேணும். அது ஆடுதுறையிலேர்ந்து வந்தது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் ஆரம்பிச்சது. 1965 வாக்குல அங்கேயிருந்து வெளிவந்த ரகம்தான் ஏ.டி.டி. 27. இதோட பூர்வீகம் சுவாரசியமானது. அப்பா அம்மாவுல ஒண்ணு ஜி.இ.பி. 24, அதாவது நம்ம கிச்சிலி சம்பா, கோயம்புத்தூர்ல தேர்ந்தெடுத்தது. இன்னொண்ணு நோரின் 10, ஜப்பான்காரங்க நெல். (பசுமைப் புரட்சிக் கதைகள்ல வர்ற குட்டைக் கோதுமைக்கும் நோரின் 10-னுதான் பேர். ரெண்டும் வேற வேற, நானே முதல்ல குழம்பினேன்.) ஜப்பான் நெல் உரத்துக்கு நல்லா விளையும், நம்ம நெல் நம்ம வெயிலைத் தாங்கும், ரெண்டையும் சேர்ப்போம்னு 1950-களில் உலக உணவு வேளாண்மை நிறுவனம் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தை மையமா வச்சு ஒரு கலப்புத் திட்டம் நடத்துச்சு. மலேசியாவுல மசூரியும் இங்க ஏ.டி.டி. 27-ம் அதுல தேறி வந்த பிள்ளைங்க.

நூத்தி அஞ்சு நாள் பயிர். குறுவைக்கு அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி.

சரி, விதை வந்தாச்சு. ஊர் ஊரா யார் போய்ச் சொல்றது? இங்கதான் ரேடியோ வருது. திருச்சி வானொலி நிலையம் 1939-லேர்ந்து இருக்கு. 1966-ல் அகில இந்திய வானொலி, விவசாயிகளுக்குன்னே சில நிலையங்கள்ல தனிப் பிரிவு தொடங்குச்சு. திருச்சியும் அதுல ஒண்ணு. எப்ப நாத்து விடணும், எத்தனை நாள்ல பறிக்கணும், எப்ப எவ்வளவு உரம்னு சாயங்காலம் ரேடியோ சொல்லும். எங்க தாத்தா பெரிய வீட்டுத் திண்ணையில உக்காந்து கேட்டுட்டு வந்து பாட்டிகிட்ட ஒப்பிப்பாராம். ஜனங்களுக்கு ஏ.டி.டி.-யும் தெரியாது, 27-ம் தெரியாது. ரேடியோவுல சொன்ன நெல்லு, அதனால ரேடியோ நெல்லு! டெல்டா முழுக்க அந்தப் பேரே நின்னுடுச்சு. விவசாய ஒலிபரப்பைப் பத்தி எழுதுற ஆராய்ச்சியாளர்கள் இன்னிக்கும் இந்தப் பேரை உதாரணமாச் சொல்றாங்க.

நெல்லும் நல்லாவே விளைஞ்சது. அப்ப பாட்டி ஏன் சிரிச்சுது?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஜூன் 15-ல் நாத்து விட்டா 105-வது நாள் செப்டம்பர் 28. தண்ணி இருபது நாள் தாமதமானா ஜூலை 5-ல் நாத்து, அக்டோபர் 18-ல் அறுவடை. வடகிழக்குப் பருவமழை வழக்கமா ஆரம்பிக்கிறது அக்டோபர் 20 வாக்குல. அதாவது எல்லாம் சரியா நடந்தாலும் இடி மழைக் காலத்துல அறுக்கணும், கொஞ்சம் பிசகினா அடைமழையில அறுக்கணும். தையில அறுக்கிற சம்பாவுக்குக் களம் காஞ்சு கிடக்கும். குறுவைக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. குறுவை முன்னாடியும் இருந்ததுதான், ஆனா இந்த அளவு பரப்புல, இந்த அளவு மகசூலோட, மொத்தமா ஒரே சமயத்துல ஈரநெல் களத்துக்கு வந்தது புதுசு. ஈரத்தோட குவிச்சா சூடாகும், அரிசி பழுக்கும், முளை விடும். பாட்டி வீட்டுக் கூடத்துல, தாழ்வாரத்துல, ஏன் சாமி அறையிலகூட நெல்லைப் பரப்பி வச்சுக் கிளறுவாங்களாம். "நாத்து விடறதுலேர்ந்து எல்லாம் சொன்ன ரேடியோ, எங்க காய வைக்கிறதுன்னு சொல்லலையேடா"ன்னுச்சு பாட்டி.

பாட்டி சொன்னது வெறும் குசும்பு இல்ல. 1967-ல் திருவாரூர்ல ஒரு நவீன அரிசி ஆலையில சின்ன ஆய்வுக்கூடம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. முக்கிய வேலை, மழையில அறுத்த இந்த ஈரநெல்லை என்ன பண்றதுன்னு கண்டுபிடிக்கிறது. அது பிறகு நெல் பதன ஆராய்ச்சி மையமா ஆகி, தஞ்சாவூருக்கு வந்து, பேர் பல தடவை மாறி, இன்னிக்கு மத்திய அரசோட உணவுத் தொழில்நுட்ப நிறுவனமா நிக்குது. புதுக்கோட்டை ரோட்டுல போறப்போ பாத்திருப்பீங்க. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு விதை, ரேடியோ சொல்லாம விட்ட ஒரு கேள்வி.

அறுவடை அன்னிக்கு இன்னொரு கேள்வியும் வரும். கூலி எவ்வளவு? ரேடியோ பேசினது நிலம் வச்சிருந்தவங்ககிட்ட. நாத்துப் பறிச்சு, குனிஞ்சு நட்டு, அறுத்தவங்களுக்கு அதுல எந்த ஆலோசனையும் இல்ல. விளைச்சல் கூடினப்போ அவங்க கூலியையும் கூட்டிக் கேட்டாங்க. அந்தக் கூலித் தகராறு முத்தி, 1968 டிசம்பர் 25 ராத்திரி, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இதை ஒரு நெல் ரகத்தோட தலையில கட்டினா அபத்தம். நிலமும் சாதியும் பல நூறு வருஷமா சேர்ந்து செஞ்சது அது. ஆனா மகசூலைப் பத்தி அவ்வளவு நுணுக்கமா யோசிச்ச திட்டம், அந்த மகசூல் யார் வீட்டுக்கு எவ்வளவு போகும்னு யோசிக்கல. தாத்தா கேட்ட திண்ணையில நடவுக்காரப் பெண்கள் உக்காந்திருக்க முடியாதுங்கிறதையும் பாட்டியே சொல்லுச்சு. அந்த இடத்துல பாட்டி சிரிக்கல.

ஏ.டி.டி. 27-ஐ இப்ப யாரும் போடறதில்ல. ஏ.டி.டி. 36, ஏ.டி.டி. 43-ன்னு அடுத்தடுத்து வந்தாச்சு. மேட்டூர்த் தேதியும் முன்ன பின்ன ஆகுது: 2022-ல் மே 24-லயே திறந்தாங்க, 2024-ல் ஜூலை 28 ஆயிடுச்சு. ஆனா ஐப்பசிக் கேள்வி மாறல. கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதம்தான் வரையறை. 2025 அக்டோபர்லயும் டெல்டாவுல நெல்லு மழையில நனைஞ்சு முளைச்சது, வரையறையைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசைக் கேட்டது. அறுபது வருஷம் ஆகியும் நாம இன்னும் தட்டை எடுக்கக் கத்துக்கல.

எங்க ஆபீஸ்லயும் இதே கதைதான். ரிலீஸ் தேதிக்கு நாலு மீட்டிங், ரிலீஸ் ஆன பிறகு என்னாகும்ங்கிறதுக்கு ஒண்ணும் கிடையாது.

போன தடவை ஊருக்குப் போனப்போ அதே நர்சரிக்குப் போனேன். மல்லி செத்ததைச் சொன்னேன். அவர் திட்டல. "தட்டு எடுக்கலியா தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். புதுசா ரெண்டு மல்லி கொடுத்தார். இந்தத் தடவை போன் நாள்காட்டியில ஐப்பசி ஒண்ணாம் தேதிக்கு அலாரம் வச்சிருக்கேன்.

உங்க வீட்லயும் டெல்டாப் பெரியவங்க இருந்தா ரேடியோ நெல்லு ஞாபகம் இருக்கான்னு கேட்டுப் பாருங்க. திண்ணையில உக்காந்து கேட்டவங்ககிட்ட மட்டும் இல்ல, வயல்ல நின்னவங்ககிட்டயும் கேளுங்க. கேட்டதைப் பதிவாப் போட்டா சொல்லுங்க மக்களே, பாட்டிக்குப் படிச்சுக் காட்டணும்.