மருந்தை ஏந்தும் நீர்மம்: திருவரங்கக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களை நம் ஆசாரியர்கள் இல்லறத்தார்க்கு வகுத்தருளினர். ஔஷத தானம் என்றதும் நம் நினைவுக்கு வருவது மருந்து மட்டுமே. அம்மருந்து எதில் கரைக்கப்பட்டது, எதனோடு குழைக்கப்பட்டது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சமண மருத்துவ மரபோ இக்கேள்வியைத் தவறாமல் கேட்டது. அக்கேள்வியின் வரலாற்றைக் காவிரிக்கரையில் நின்று நோக்குவது இக்கட்டுரையின் கருத்து.

சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், கோவலனையும் கண்ணகியையும் வழிநடத்திச் செல்லும் கவுந்தியடிகள் வழியின் அருமையை எடுத்துரைக்கிறார். கால் வைக்குமிடத்தில் நண்டும் நத்தையும் நசுங்கக்கூடும். பறிக்கும் மலருக்குள் வண்டு உறையக்கூடும் என்பது அவர் கவலை. அவ்வழியே சென்று அவர்கள் திருவரங்கத்துச் சோலையை அடையும்போது சாரணர் தோன்றி அறமுரைக்கின்றனர். அருகிலுள்ள திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைப் பாறையில் சமண முனிவர்தம் கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. சிற்றுயிர்க்கும் இரங்கும் அறம் இம்மண்ணில் எத்துணைப் பழமையானது என்பதற்கு இவை சான்றாகும்.

இவ்வறம் மருத்துவத்தோடும் நெருங்கிய தொடர்புடையது. சமணப் புலவர்களான காரியாசானும் கணிமேதாவியாரும் தம் அறநூல்களுக்குச் சிறுபஞ்சமூலம், ஏலாதி என மருந்துப் பெயர்களையே இட்டனர். உடற்பிணிக்கு மருந்துபோல உயிர்ப்பிணிக்கு அறம் என்பது அப்பெயர்களின் உட்பொருள். பிற்காலத்தில் திருவரங்கத்து வைணவ மரபும் மருத்துவ அறத்தைப் போற்றியது. அங்குக் கருடவாகன பட்டர் ஆரோக்கியசாலையைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்தார் என்று கி.பி. 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. அத்தன்வந்திரி சந்நிதியை இன்றும் காணலாம்.

மருந்தை ஏந்தும் பொருளைப் பற்றிய கேள்வியை முழுநூலாகவே எடுத்துரைத்தவர் உக்கிராதித்தியர். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலமாகிய 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இவ்வாசாரியர், கல்யாணகாரகம் என்னும் மருத்துவ நூலை வடமொழியில் இயற்றினார். கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்கியே அதில் மருந்துகளைக் கூறினார். ஊன் நோய் தீர்க்க இன்றியமையாதது என்ற கொள்கையை மறுத்து ஒரு தனிப்பகுதியையும் இணைத்தார்.

இது எளிய செயலன்று. தேன் வெறும் இனிப்பு அன்று. அது சூரணத்தைக் குழைத்து ஏந்தும் அனுபானம். மருந்தைக் கெடாமற் காப்பதும் அதுவே. மதுவோ நீரில் கரையாத பிசின்களையும் சில மூலிகைச் சாரங்களையும் தன்னுள் இழுத்துக்கொள்ளும் ஆற்றலுடையது. இவற்றை விலக்குவோர் இவற்றின் பணியைச் செய்யவல்ல வேறு பொருளைக் கண்டறிந்தாக வேண்டும்.

அப்பணி எவ்வாறு நிகழ்கிறது என்பதை இக்கால வேதியியல் விளக்குகிறது. பொருள்களின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. ஈர்ப்பு மிகுந்து அவை தத்தம் இடத்தில் நிலைகொண்டால் திண்மம். நெருங்கியிருந்தும் நகர முடிந்தால் நீர்மம். ஈர்ப்பை மீறிச் சிதறினால் வாயு. நீரின் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றுவன. வெல்லமும் அவ்வாறே நீரைப் பற்றக்கூடியதாதலின் எளிதில் கரைகிறது. எண்ணெய் அவ்வாறு பற்றாமையால் ஒதுங்குகிறது. மதுச்சாரத்தின் மூலக்கூற்றில் ஒரு முனை நீரோடும் மறுமுனை எண்ணெயோடும் உறவு கொள்வதால் அது இரண்டிற்கும் பொதுவான கரைப்பானாகிறது. கெட்டியான வெல்லப்பாகில் நீர் பெரும்பாலும் சர்க்கரையால் பற்றப்பட்டிருப்பதால் நுண்ணுயிர்கள் பெருக இயலாது. ஆகவே தேனின் இடத்தை வெல்லப்பாகு பெருமளவு நிரப்ப இயலும்.

பொருள்கள் ஏன் பற்றுகின்றன என்ற சிந்தனை நம் ஆகமங்களுக்கும் புதிதன்று. உமாசுவாமிகளின் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாம் அத்தியாயத்தில், புத்கலப் பரமாணுக்கள் பசைமை, வறட்சி என்னும் குணங்களால் பந்தமுறுகின்றன என்கிறது. அக்குணத்தின் மிகக் குறைந்த அளவையுடைய பரமாணு பந்தமுறாது என வரம்பும் இடுகிறது. பொன்னூர் மலையில் தவமியற்றியவராக நாம் போற்றும் குந்தகுந்தாசாரியர், நியமசாரத்தில் புத்கலக் கந்தங்களை ஆறு வகையாக்கி, நிலமும் மலையும் ஒரு வகை, நெய்யும் நீரும் எண்ணெயும் மற்றொரு வகை எனப் பிரித்தார். இதனை இன்றைய வேதியியலே என்று கொள்வது பொருந்தாது. அவர்கள் ஆய்வுக்கூடத்தில் அளந்து கூறியவர்கள் அல்லர். ஆயினும் பொருளின் தன்மையை அதன் பற்றும் குணத்தில் தேட வேண்டும் என்ற நோக்கு போற்றத்தக்கது.

அளந்து கண்ட வரலாற்றிலும் இத்தீவுக்கு ஒரு பங்குண்டு. திருவரங்கத்தை அடுத்த திருவானைக்காவில் 1888 நவம்பர் 7-ஆம் நாள் பிறந்தவர் சர் சி. வி. இராமன். கல்கத்தாவில் அவருடைய ஆய்வுக்குழுவைச் சேர்ந்த வெங்கடேசுவரன், தூய கிளிசரினில் சிதறிய கதிரவன் ஒளி வழக்கமான நீலமாக இன்றிப் பச்சையாக ஒளிர்வதைக் கண்டார். அக்குறிப்பு 1928 பிப்ரவரி 28-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட இராமன் விளைவுக்கு வழிகாட்டியது. ஒவ்வொரு நீர்மமும் சிதறும் ஒளியில் தனக்கே உரிய அடையாளத்தைப் பதிக்கிறது என்பது தெளிவாயிற்று.

அந்தக் கிளிசரின் மருந்துக்கடைப் பாகுகளில் இன்றும் மருந்தை ஏந்தும் நீர்மமாகும். இங்குதான் நம் கேள்வி உயிர்க்கேள்வியாகிறது. 1937-இல் அமெரிக்காவில், எளிதில் கரையாத சல்பானிலமைடு என்னும் மருந்தை டையெத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு நீர்மத்தில் கரைத்து விற்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருந்தன்று, அதை ஏந்திய நீர்மமே கொன்றது. 1972-இல் சென்னையிலும் அதே நஞ்சு குழந்தைகளைப் பலிகொண்டது. 2025-இல், நம் மாநிலத்தின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் பாகில் அதே நஞ்சு காணப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்தனர். கிளிசரினையும் அந்நஞ்சையும் பிரித்தறிய இராமன் ஒளிச்சோதனையும் பிற வேதிச் சோதனைகளும் உள்ளன. சோதிக்கும் பொறுப்புணர்வே குறைந்தது.

உக்கிராதித்தியர், மருந்துக்காக மாளும் உயிர்க்கு இரங்கி, அது எதனால் ஆயது என்று கேட்டார். அதே கேள்வி மருந்துண்ணும் உயிரையும் காப்பது என்பதை இக்கொடுநிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. அபயமில்லாத ஔஷதம் தானமாகாது.

நம் இல்லங்களில் முதியோர் சிலர், தேனோ மதுச்சாரமோ கலந்திருக்கும் என்று அஞ்சி மருந்தையே மறுப்பதுண்டு. மறுப்பதற்கு முன் கேட்பதே நம் மரபு. புட்டியின் சீட்டைப் படித்து, மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் வேறு வடிவம் உண்டா என வினவலாம். மாத்திரையாகவோ மதுச்சாரமற்ற பாகாகவோ பல மருந்துகள் கிடைக்கின்றன. மருத்துவ முகாம் நடத்தும் அறநிலையங்களும் தாம் வழங்கும் பாகுகள் சோதிக்கப்பட்டவையா என்று கேட்டறிந்து வழங்குதல் வேண்டும். திருவரங்கம் செல்லும் வழியில் தன் காலடியை நோக்கி நடந்த கவுந்தியடிகளின் விழிப்பு, மருந்துப் புட்டியைக் கையிலெடுக்கும் நமக்கும் வாய்ப்பதாக. அறம் வளர்க.