ஃபாண்ட் இருக்கா?

“அண்ணே, வேர்டைக் காசு கொடுத்து வாங்கணுமா, லிப்ரே ஆபீஸே போதுமா?” புதிதாக லேப்டாப் எடுக்கிற பிள்ளைகள் கடையில் கேட்பார்கள். இங்கே அடித்த ஃபைல் அங்கே குலைந்து போகுமோ என்ற பயம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஜாப் டைப்பிங் செய்கிற எங்களுக்கு அந்தப் பயம் லிப்ரே ஆபீஸ் பிறப்பதற்கு முந்தியது.

தொண்ணூறுகளின் கடைசியில் எல்லாக் கடையிலும் ஒரே வேர்டுதான். அப்படியிருந்தும் ஒருவர் அடித்ததை அடுத்தவர் படிக்க முடியாது. பிளாப்பியோடு வருகிறவரிடம் முதலில் கேட்பது, “ஃபாண்ட் இருக்கா?” பாமினி ஃபாண்டில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி என்ற சட்டையைப் போட்டால் தமிழ்; கழற்றினால் கிறுக்கல். போதாததற்கு வேர்டு, வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே கேப்பிடல் ஆக்கும். பாமினியில் சின்ன எம் ‘அ’, பெரிய எம் ‘ஆ’. ‘அவர்’ என்று தொடங்கியது ‘ஆவர்’ என்று நிற்கும். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவருக்கு முதல் பாடமே ஆட்டோகரெக்டை அணைப்பதுதான்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் எல்லோருக்கும் பொதுவாக டாம், டாப் குறியீடுகள் வந்தன. எங்கள் வரிசைக்கு அவை எட்டவில்லை. அரசு அலுவலகத்து ஃபைல் வானவில் ஃபாண்டில், மற்றதெல்லாம் பாமினியில். தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை போட 2010 ஆயிற்று.

காசா, இலவசமா என்ற பேச்சே அன்று இல்லை. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர் விண்டோஸோடு ஆபீஸையும் ஏற்றித் தருவார். பில்லில் இரண்டுமே இருக்காது. ஜெர்மனியின் ஸ்டார் ஆபீஸை 1999-இல் சன் நிறுவனம் வாங்கி, மூலநிரலைத் திறந்துவிட, 2002-இல் லிப்ரே ஆபீஸின் முன்னோடியான ஓப்பன் ஆபீஸ் 1.0 வந்தது. எங்கள் ஊரில் அதற்குப் போட்டி மைக்ரோசாஃப்ட் அல்ல, நகல் சி.டி.தான் என்பேன். இரண்டுமே ஓசி என்றால் பழகினதைத்தானே கை தேடும்?

ஆபீஸ் 2007-உடன் டாக்எக்ஸ் என்ற புது ஃபைல் வடிவம் வந்தபோதுதான் நிலைமை புரண்டது. வேர்டு 2003 வைத்திருந்தவர்கள் மைக்ரோசாஃப்ட் தந்த தனி இணைப்பை இறக்கிப் போட்டால்தான் அது திறக்கும். 2008 அக்டோபரில் வந்த ஓப்பன் ஆபீஸ் 3.0 எந்த இணைப்பும் கேட்காமல் திறந்தது. அதே 2008-இல் மைக்ரோசாஃப்டின் வடிவத்தை ஐ.எஸ்.ஓ. தரமாக ஏற்றார்கள், இந்தியா எதிர்த்தே வாக்களித்தது. ஓப்பன் ஆபீஸ் தரப்பின் ஓ.டி.எஃப். 2006-லேயே தரமாகியிருந்தது.

திறந்தால் போதுமா, அச்சில் நிற்க வேண்டாமா? முத்திரைத்தாளின் முதல் பக்கத்தில், மேலே இருக்கிற முத்திரைக்குக் கீழேதான் எழுத்து தொடங்க வேண்டும். அப்படி அளந்து வேர்டில் லதா எழுத்துருவில் அடித்த கிரையப் பத்திரத்தை லினக்ஸில் திறந்தால், லதா இருக்காது. லோகித் தமிழ் வந்து உட்காரும். அகலம் வேறு. வரிகள் நீண்டு ‘சாட்சிகள்’ என்ற தலைப்பு பக்கத்தின் அடியில் நிற்க, கையெழுத்துக்கான கோடுகள் அடுத்த தாளுக்குப் போய்விடும். பழி மென்பொருளுக்கு, வேலை ஃபாண்டுடையது. ஆங்கிலத்தில் டைம்ஸ் நியூ ரோமனுக்கு அதே அகலத்தில் லிபரேஷன் எழுத்துருவை 2007-இல் ரெட் ஹேட் வெளியிட்டது. காலிப்ரிக்குக் கார்லிட்டோ இருக்கிறது. லதாவுக்கு அப்படி ஒரு ஜோடியை நான் பார்த்ததில்லை.

அதனால் பிள்ளைகளிடம் திருப்பிக் கேட்பேன்: ஃபைல் யார் கைக்குப் போகிறது? பிரிண்ட் மட்டும்தான் என்றால் லிப்ரே ஆபீஸில் அடித்து பி.டி.எஃப். ஆக்கிக் கொண்டு வா. வக்கீல் திருத்தித் திருப்பி அனுப்புவார் என்றால் அவர் வைத்திருப்பதையே நீயும் வை, வாதாடாதே.

இலவசம் கைகொடுக்கிற இடமும் உண்டு. பேஜ்மேக்கரை அடோபி கைவிட்டுப் பல வருஷமாயிற்று. 2015-இல் வந்த லிப்ரே ஆபீஸ் 4.4 அந்த ஃபைல்களைத் திறக்கத் தொடங்கியது. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திறந்து பார்த்தேன். கட்டங்கள் கொஞ்சம் நகர்ந்திருந்தன, எழுத்தெல்லாம் கிறுக்கல். மொத்தத்தையும் தேர்ந்து பாமினி போட்டதும் முகூர்த்த நேரம்கூடப் படிக்க முடிந்தது.