ஒரே கேள்வித்தாள் பிறந்த கதை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். சம்பந்தர் பாடிய தலம். இந்த ஊரில் பிறக்கும் குழந்தைக்கும், கடல் தாண்டி மட்டக்களப்பில் பிறக்கும் குழந்தைக்கும், வங்கதேசத்துக் குல்னாவில் பிறக்கும் குழந்தைக்கும் முதல் பிறந்தநாளைக் காணும் வாய்ப்பு ஒன்றுபோல் இருக்கிறதா? கேட்பது எளிது. இதற்கு நம்பத்தகுந்த பதில் சொல்லும் கருவி உருவாக எத்தனையோ பேரின் உழைப்பும் பல பத்தாண்டுகளும் தேவைப்பட்டன.

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பும் நாடுகளிடம் எண்கள் இருக்கத்தான் செய்தன. ஆனால் மருத்துவமனைக் கணக்கில் மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். வீட்டிலேயே பிறந்து, நான்கு நாளில் இறந்து, தோப்பில் புதைக்கப்பட்ட குழந்தை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு ஒழுங்காக நடந்தது. மற்ற அண்டை நாடுகளில் பெரும்பாலும் நடக்கவில்லை. பதிவேட்டை மட்டும் நம்பினால், ஒழுங்காகப் பதியாத நாட்டில்தான் சாவு குறைவு என்று தோன்றும். ஊருக்கு ஒரு மரக்கால் வைத்து அளந்தால் யார் களத்தில் நெல் அதிகம் என்று எப்படிச் சொல்வது? இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகள் கோயில் நெல்லைச் சொல்லும்போது ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலைப் பெயர் சொல்லிக் குறிப்பது இதனால்தான். நாடுகளுக்கு நடுவே அப்படி ஒரு பொது மரக்கால் இல்லை.

அந்த மரக்காலைச் செய்வதற்கான அறிவு இந்தியாவிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. எல்லா வீட்டுக்கும் போகாமல், முறையாகத் தேர்ந்தெடுத்த சில வீடுகளை மட்டும் விசாரித்து நாட்டின் நிலையைக் கணிக்கும் மாதிரி ஆய்வைப் புள்ளியியலாளர் பி.சி.மகலனோபிஸ் இங்கே வேரூன்றச் செய்தார். 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே ஐ.நா.வும் இந்திய அரசும் சேர்ந்து மைசூர் மாநிலத்தில் மக்கள்தொகை ஆய்வு ஒன்றை நடத்தின.

இந்த முறையை உலக அளவுக்குக் கொண்டுபோனது 1972-ல் தொடங்கிய உலகக் கருவள ஆய்வு. பன்னாட்டுப் புள்ளியியல் கழகம் லண்டனிலிருந்து நடத்திய இதற்குத் தலைமை ஏற்றவர் சர் மாரிஸ் கெண்டல் என்ற புள்ளியியலாளர். எல்லா நாட்டுக்கும் ஒரே அடிப்படைக் கேள்வித்தாள், ஒரே பயிற்சி, ஒரே கணக்கு முறை. இலங்கையும் பாகிஸ்தானும் 1975-லும், வங்கதேசமும் நேபாளமும் அதையொட்டியும் களம் இறங்கின. மாதிரி ஆய்வில் உலகுக்கே வழிகாட்டிய இந்தியா மட்டும் சேரவில்லை. அண்டை நாடுகளை ஒப்பிடும் அட்டவணையில் நடுவில் இருந்த பெரிய நாட்டுக்கு வரிசையே இல்லாமல் போனது.

1984-ல் அமெரிக்க அரசின் நிதியில் உலகக் கருவள ஆய்வின் வாரிசு பிறந்தது. மக்கள்தொகை, சுகாதார ஆய்வு என்று பெயர். பிரசவக் கணக்கோடு தடுப்பூசி, தாய்ப்பால், வயிற்றுப்போக்குக்குச் செய்த வைத்தியம், குழந்தையின் எடை, உயரம் எல்லாம் சேர்ந்தன. இலங்கை 1987-ல் இதை நடத்தியது. இந்தியா 1992-93-ல் தேசியக் குடும்பநல ஆய்வு என்ற பெயரில் வந்து சேர்ந்தது. மும்பை தேவனாரில் உள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் பொறுப்பேற்றது. தமிழ்நாட்டில் காந்திகிராம மக்கள்தொகை ஆய்வு மையம் களப்பணி செய்தது. முதல் கட்டத்தில் களம் இறங்கிய தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களுக்குக் குழந்தையின் உயரத்தை அளக்கும் பலகை நேரத்துக்கு வந்து சேரவில்லை. அதனால் அந்தச் சுற்றில் தமிழ்நாட்டுக் குழந்தைகளின் எடை உண்டு, உயரம் இல்லை. ஒரு மரப்பலகை வராததால் ஒரு தலைமுறையின் கணக்கில் விழுந்த ஓட்டை அது.

மாகறல் போன்ற ஒரு ஊர் தேர்வானால் நடப்பது இதுதான். முதலில் ஒரு குழு வந்து ஊரின் வரைபடம் போட்டு, வீடு வீடாகப் பட்டியல் எடுக்கும். அதிலிருந்து 22 வீடுகள் தேர்வாகும். பெண் களப்பணியாளர் ஒருவர் வீட்டுப் பெண்ணைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். எத்தனை பிள்ளைகள், கூட இருப்பவர்கள் யார், வெளியூரில் இருப்பவர்கள் யார் என்று கேட்டுவிட்டு, உயிரோடு பிறந்து இறந்துபோன பிள்ளை உண்டா என்று கேட்பார். இல்லை என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது. பிறந்து அழுததோ, உயிர் இருப்பதற்கான அடையாளம் காட்டியதோ, பிறகு பிழைக்காமல் போன குழந்தை ஏதாவது உண்டா என்று இன்னொரு முறை கேட்க வேண்டும். கேள்வித்தாளிலேயே இப்படி எழுதியிருக்கிறது. கணவரிடம்கூட வாய்விட்டுப் பேசியிராத துயரம் அந்த இரண்டாவது கேள்வியில்தான் வெளிவருகிறது. டாக்காவிலும் காத்மாண்டுவிலும் கொழும்பிலும் இதே கேள்வி இதே வரிசையில் கேட்கப்படுகிறது. ஒப்பீட்டுக்கான உரிமை அங்கேதான் கிடைக்கிறது.

உயரத்துக்கும் பொது அளவுகோல் வந்தது. இந்தியா, கானா, பிரேசில், நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து, உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வளர்ச்சித் தரத்தை வெளியிட்டது. வாய்ப்பு கிடைத்தால் தில்லிக் குழந்தையும் ஆஸ்லோக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கின்றன என்று அது காட்டியது. “நம் பிள்ளைகள் உடல்வாகே அப்படித்தான்” என்ற சமாதானத்துக்கு இடமில்லாமல் போனது.

ஒப்பிட்டதில் தெரிந்தது என்ன? 1992-93-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 79 ஒரு வயதுக்குள் இறந்தன. அதே காலத்தில் வங்கதேசத்தில் 87. பிறகு நிலைமை மாறியது. இந்தியா 2005-06-ல் 57-க்கு வந்தபோது, வங்கதேசம் 2007-ல் 52-ஐத் தொட்டுவிட்டது. நம்மைவிட ஏழை நாடு நம்மைத் தாண்டியது. அங்கே தடுப்பூசி ஊர் ஊராகப் போனது. பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் 1980-களில் வீடு வீடாகப் போய், மூன்று விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று வயிற்றுப்போக்குக்கான கரைசலைத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தமிழ்நாட்டிலும் கிராம சுகாதார செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையமும் சத்துணவும் வேலை செய்தன. 1992-ல் 68 ஆக இருந்த நம் மாநிலத்தின் எண் 2019-21-ல் 19-க்குக் கீழே வந்தது. இலங்கையிலோ 2016-லேயே அது 10.

உயரக் கணக்கையும் பார்க்கலாம். ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வளர்ச்சி குன்றியவர்கள் 2016-ல் இலங்கையில் நூற்றுக்கு 17 பேர். தமிழ்நாட்டில் 2019-21-லும் நேபாளத்தில் 2022-லும் 25. வங்கதேசத்தில் 2022-ல் 24. இந்தியா முழுவதற்கும் 2019-21-ல் 35-க்கு மேல். தமிழ்நாட்டை இந்திய சராசரியோடு மட்டும் வைத்துப் பார்ப்பவர்கள் பெருமைப்படலாம். நேபாளத்தோடும் இலங்கையோடும் வைத்துப் பார்த்தால் வேலை மீதி இருப்பது தெரியும்.

இந்தக் கருவிக்குப் பார்வைக் குறைகளும் உண்டு. இலங்கையில் 1987, 1993, 2000 ஆய்வுகள் போரால் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்குப் போகவில்லை. 2006-07-ல் வடக்கு விடுபட்டது. 2016-ல்தான் தீவு முழுவதும் கணக்கில் வந்தது. அதுவரை இந்த ஆய்வுகளிலிருந்து ‘இலங்கை’ என்று உலகம் மேற்கோள் காட்டிய எண்களில் யாழ்ப்பாணத்துத் தாய்மார் இல்லை. நம் பக்கமும் கவனம் தேவை. 2019-21 ஆய்வில் ‘காஞ்சிபுரம்’ என்றால் தாம்பரமும் சோழிங்கநல்லூரும் அடங்கிய பழைய மாவட்டம். மேம்பாலங்களும் பன்னாட்டு நிறுவனங்களும் உள்ள புறநகரின் சராசரி, மாகறல் குழந்தையின் நிலையைச் சொல்லிவிடாது.

2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு மக்கள்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டத்துக்கான நிதியை நிறுத்தியது. நாற்பது ஆண்டுகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளைத் தொட்ட பொதுக் கேள்வித்தாள் ஒரே உத்தரவில் ஆதரவு இழந்தது. இந்தியா தன் ஆய்வைத் தானே நடத்திக்கொள்ளும். ஆனால் அண்டை நாடுகள் அவரவர் வழியில் கேள்வியை மாற்றினால், நாம் மறுபடியும் ஊருக்கு ஒரு மரக்கால் காலத்துக்குத் திரும்புவோம்.

தேவனாரில் நிறுவனம் இருக்கிறது, கொழும்பிலும் டாக்காவிலும் காத்மாண்டுவிலும் அனுபவம் உள்ள புள்ளியியல் துறைகள் இருக்கின்றன. தெற்காசிய நாடுகள் தங்கள் சொந்தச் செலவில் அந்தப் பொதுக் கேள்விகளைக் காப்பாற்ற வேண்டும். இந்தியா அதற்கு முன்கை எடுக்க வேண்டும். 1975-ல் விலகி நின்றதை ஈடுசெய்ய இதைவிட நல்ல வழி இல்லை.