பழைய வேனின் ஃபியூஸ் பெட்டி: தொடுமுனைத் தேய்வும் நிற மயக்கமும்

1. பொருளும் எல்லையும்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் நடை திறக்கும். அந்த நாள்களில் சாலையோரம் நிற்கும் வேன்களை எட்டிப் பார்த்தால் உள்ளே பாய், அடுப்பு, தண்ணீர்க் குடம், கம்பியில் கட்டிய குட்டி ஃபேன், தூங்கும் குழந்தை எல்லாம் இருக்கும். மேலைநாட்டார் கேம்பர் வேன் என்று பெயர் வைத்துக் கொண்டாடும் பொருளை நம்மூர்க் குடும்பங்கள் பெயரில்லாமலே ஓட்டிவந்திருக்கின்றன. பல ஊர்களில் அந்த வேலையைச் செய்தது மெட்டடார். ஜெர்மானிய டெம்போ வண்டியின் வழியில் வந்த அதை 1969 முதல் பஜாஜ் டெம்போ தயாரித்தது. 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனம்தான் அது.

அத்தகைய பழைய வேன்களின் ஃபியூஸ் பெட்டி எதனால் கெடுகிறது, எப்போது செப்பனிடலாம், எப்போது மாற்ற வேண்டும் என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன. எஞ்சின் ஒயரிங் முழுவதும் இதில் அடங்காது.

2. தேய்வின் காரணம்

உறவினர் ஒருவரின் பழைய வேனில் முன்விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. பல்பு மாற்றினோம், பேட்டரி மாற்றினோம், பயனில்லை. பெரம்பலூரில் ஒரு ஒயரிங் பட்டறைக்காரர் டேஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், ஃபியூஸ் போகல. பெட்டிதான் வேகுது.”

இந்த ஆய்வின் கருத்து அந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. ஃபியூஸ் என்பது மிகை மின்னோட்டத்துக்குக் காவல். தொடுமுனை தளர்ந்தாலோ களிம்பேறினாலோ மின்னோட்டம் மிகுவதில்லை, தடைதான் மிகும். 60 வாட் முன்விளக்கு இரண்டும் ஒரே ஃபியூஸ் வழியே எரிவதாகக் கொள்வோம். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். கிளிப்பில் வெறும் 0.1 ஓம் தடை சேர்ந்தால் 1 வோல்ட் அங்கேயே தொலைகிறது. 10 வாட் வெப்பம் சுண்டுவிரல் நுனியளவு இடத்தில் குவிகிறது. 16 ஆம்பியர் ஃபியூஸின் கணக்கில் எல்லாம் சரி. பெட்டியின் பிளாஸ்டிக்கோ உருகுகிறது.

ஐரோப்பிய வழி வந்த பழைய வண்டிகளில் உள்ள பீங்கான் ஃபியூஸுக்கு இந்த நோய் அதிகம் வரும். உடலில் ஓடும் மெல்லிய உலோகப் பட்டையின் இரு கூர்முனைகளும் இரண்டு ஸ்பிரிங் தகடுகளுக்கு நடுவே வெறும் அழுத்தத்தால் நிற்கின்றன. தகடு வெப்பத்தில் விறைப்பிழந்தால் பிடி போயிற்று.

அரியலூர் வட்டாரத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் ஆலைகளும் உள்ள சாலைகளில் தூசு எங்கும் நுழையும். காய்ந்த தூசால் பெரிய கேடில்லை. ஐப்பசி மழையில் கண்ணாடி ரப்பர் வழியே சொட்டும் நீர் அதில் சேர்ந்தால் ஈரம் பிடித்துவைக்கும் பூச்சாகிவிடும். சிமெண்ட் தூளானால் காரமும் சேரும். இந்த நிலம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது. அன்றைய கடலுயிர்களின் ஓடு இன்றைக்கு ஃபியூஸ் கிளிப்பில் வந்து படிகிறது என்று நினைத்தால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

3. செப்பமா, மாற்றமா

விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஃபியூஸின் இருபுறத்து ஒயர் முனைகளில் வைக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தொடுமுனையில் கோளாறு உண்டு. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் பச்சைக் களிம்பைத் தேய்த்தெடுத்து, தகட்டைச் சற்று உள்வளைத்துப் பார்க்கலாம். அழுத்திவிட்டால் தகடு துள்ளி மீள்கிறதா? மீண்டால் பெட்டி பிழைக்கும். துவண்டு கிடந்தாலோ, அடித்தளம் பழுப்பேறிக் கருகியிருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். கருகிய பெட்டியைத் தேய்த்துப் பயனில்லை.

ஃபியூஸ் கிடைக்காத ராத்திரியில் ஒயரிலிருந்து இழை பிரித்துச் சுற்றிவிடும் வழக்கம் எல்லாச் சாலையிலும் உண்டு. செம்பு இழையின் உருகு மின்னோட்டத்துக்குப் பிரீஸின் பழைய சூத்திரம் இருக்கிறது: விட்டத்தின் ஒன்றரையாம் அடுக்கை 80ஆல் பெருக்குவது. 0.3 மி.மீ. இழை சுமார் 13 ஆம்பியரில் உருகும். இது அத்தனை மோசமில்லை. ஆனால் யாரும் ஓர் இழையோடு நிறுத்துவதில்லை. மூன்றாக முறுக்கினால் 39 ஆம்பியருக்கு வந்துவிடும். அதற்குள் ஒயரின் தோல் எரிந்திருக்கும்.

4. நிற மயக்கம்

மாற்றுவதென்றால் இன்று எல்லாரும் போடுவது பிளேடு ஃபியூஸ் பெட்டி. தகடு இருபுறமும் கவ்வுவதால் பிடி உறுதி. ஆபத்து பழகிய கண்ணில் இருக்கிறது. பீங்கானில் மஞ்சள் 5 ஆம்பியர், வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25. பிளேடிலோ சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25. நிறம் பார்த்து மாற்றினால் சிவப்பும் நீலமும் அடிக்கடி போகும், உடனே தெரிந்துவிடும். மஞ்சளோ நான்கு மடங்கு, வெள்ளை மும்மடங்கு. இவை போகவே போகா. ‘இந்த ஃபியூஸ் போனதே இல்லை’ என்று பெருமைப்படும் வேன்காரரின் பெட்டியைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.

ஒயரிலும் இதே குழப்பம். அம்பாசிடரில் கைபழகியவருக்குப் பழுப்பு ஒயர் பேட்டரியிலிருந்து நேரே வரும் உயிர் ஒயர். அது ஆங்கிலேய லூக்காஸ் மரபு. ஜெர்மன் மரபில் பழுப்பு எர்த். ஆகவே கழற்றும் முன் ஒவ்வொரு ஒயருக்கும் டேப் ஒட்டி எண் எழுதுவதும் போட்டோ எடுப்பதும் கட்டாயம். 30 பேட்டரி, 15 சாவி, 31 எர்த் என்ற ஜெர்மன் முனை எண்கள் பெட்டியில் தெரிந்தால் நிறத்தைவிட அவற்றையே நம்பலாம். அதற்காக எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது: பழைய லூக்காஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்றிருந்தால் அது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17தான்.

5. படுக்கை வண்டியின் தனிச் சுற்று

ஃபேன், டியூப் லைட், செல்போன் சார்ஜர் ஆகியவற்றைப் பழைய பெட்டியில் தொங்கவிடுவதை நான் ஏற்பதில்லை. தனி பேட்டரி, தனிப் பெட்டி வைத்து, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு முதன்மை ஃபியூஸ் போட வேண்டும். ஃபியூஸ் காப்பது ஃபேனை அல்ல, அதற்குப் போகும் ஒயரை. 1.5 சதுர மி.மீ. ஒயருக்கு 15 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். உறவினர் வேனில் அப்படித்தான் செய்தோம். மூடியின் உட்புறம் பட்டறைக்காரரே பெயிண்டால் எண்களை எழுதிக் கொடுத்தார். ‘ஃபேன் 5’ என்று எழுதிய இடத்தில் மட்டும், பழக்கதோஷம், மஞ்சள் பெயிண்ட்.